ஊருக்குள் சாகசம் எங்கே ஒளிந்திருக்கிறது?

குகைக்குள் போய்ப் பூதத்தை வென்று, புதையல் மூட்டையோடு நகர வாசலுக்கு வந்துவிட்டார்கள் உங்கள் ஆட்டக்காரர்கள். "சரி, ஊருக்குள் வந்தாச்சு. இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்கிறீர்கள். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் ஒருவர், "எனக்கு ஐம்பது அடி கயிறு வாங்கணும்" என்கிறார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கயிறு, விளக்கெண்ணெய், அம்பு என்று கடைத்தெருவிலேயே கழிகிறது. இந்த விளையாட்டை நடத்திப் பார்த்த எவருக்கும் இது பழகிய சங்கடம்தான்.

எந்த விளையாட்டு? ரோல் பிளேயிங் கேம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பேசியே ஆடும் மேசை விளையாட்டு). பலகையும் காயும் கட்டாயமில்லை. ஒருவர் கேம் மாஸ்டர் (கதையை நடத்துபவர்). வானிலை முதல் வாயிற்காவலன் வரை எல்லாவற்றையும் எல்லாரையும் அவர்தான் சொல்லிக் காட்டுவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு.

குகையில் வராத சங்கடம் நகரத்தில் மட்டும் ஏன் வருகிறது? டஞ்சனில் (பூமிக்கடியில் அறை அறையாக விரியும் பாழிடம்) பாதி வேலையைச் சுவரே செய்துவிடும். இரண்டு கதவு இருந்தால் இரண்டே வழிதான். இடது பக்கம் போனால் பாம்பு, வலது பக்கம் போனால் பொறி. எதைத் தேர்ந்தாலும் நீங்கள் எழுதி வைத்த ஏதோ ஒன்று அங்கே காத்திருக்கும். நகரத்தில் ஆயிரம் கதவு. எல்லாம் திறந்தே கிடக்கின்றன, எதற்குப் பின்னாலும் இவர்களுக்கென்று எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிவிட்டால், எங்கேயும் போகத் தோன்றாது.

அப்படியானால் ஊர் முழுவதையும் எழுதி வைத்துவிடலாமா? அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1976-இல் ஜட்ஜஸ் கில்ட் என்ற நிறுவனம் 'சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்ட்' என்ற நகரத்தைப் பெரிய வரைபடத்தோடு வெளியிட்டது. தெருத் தெருவாக, கடை கடையாக, யார் கடைக்காரர், எப்படிப்பட்ட ஆள் என்று போகும் அந்தத் தொகுப்பு. அசாத்திய உழைப்பு, படிக்கவும் சுவையானது. ஆனால் நீங்கள் உட்கார்ந்து அப்படி எழுதத் தொடங்கினால் மாதக்கணக்காகும். எழுதியதில் பத்தில் ஒன்பது பங்கு ஆட்டத்துக்கு வரவே வராது. அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: அங்கே கடையின் விவரத்தோடு ஆங்காங்கே ஒரு வதந்தியும் சேர்ந்து வரும். கடையைவிட வதந்திதான் ஆட்டக்காரர்களை வெளியே இழுக்கும்.

பிறகு சாகசம் எங்கேதான் இருக்கிறது? நகரத்தில் அது இடத்தில் இருப்பதில்லை, இரண்டு ஆட்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊர் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவர் கையில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த இழுபறிக்குள் உங்கள் ஆட்டக்காரர்களின் கால் சிக்க வேண்டும். சிக்கிய காலை உதறிவிட்டு ஊரைவிட்டே போய்விடாமல் இருக்க, அந்த ஊரில் அவர்களுக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் வரைபடமே இல்லாமல்கூட ஆடலாம். இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வரைபடமும் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபரின் ஃபாஃபெர்ட், கிரே மௌசர் என்ற இரட்டையர் 1939-இல் பத்திரிகைக் கதையில் அறிமுகமானார்கள். அவர்களுடைய ஊர் லாங்க்மார். புகையும் அழுக்குமான அந்த ஊரில் திருடர்களுக்கே ஒரு கில்ட் (தொழில் செய்பவர்களின் கட்டுப்பாடான சங்கம்) உண்டு. சங்கத்தில் சேராமல் தனியாகத் திருடினால் பகை. கைகாக்ஸ் 1979-இல் தன் புத்தகத்தின் பின்னிணைப்பில் தனக்கு ஊக்கம் தந்தவர்களின் பட்டியலைப் போட்டபோது லைபர் பெயரும் அதில் இருந்தது. இன்று எந்தக் கற்பனை நகரத்தை எடுத்தாலும் உள்ளே ஒரு திருடர் சங்கம் இருக்கிறதென்றால், அந்த வாசனை பெரும்பாலும் லாங்க்மாரிலிருந்து வந்ததுதான்.

சரி, அந்த இழுபறியை எப்படி உருவாக்குவது? ஒரு சின்ன இடத்தை எடுத்து அருகில் நின்று பார்ப்போம். துறைமுகத்தில் மீன் எடை போடும் கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைக்காரர் ஒருவர் இருக்கிறார்; ரவுடிக் கும்பலிடம் கடன் பட்டவர். கடனைக் கட்ட முடியாமல், கும்பல் கொடுத்த பொய் எடைக்கல்லைத் தராசில் வைத்திருக்கிறார். படகுக்காரர்களின் தலைவி ஒருத்தி. தினமும் கூடைக்கு இரண்டு மீன் குறைகிறது என்பது அவளுக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லை. மூன்றாவதாக ஓர் இளம் காவலன். பதவி உயர்வுக்கு ஒரு பெரிய வழக்கு வேண்டும் அவனுக்கு. ஆனால் அவனுடைய மேலதிகாரி அந்தக் கும்பலிடம் மாமூல் வாங்குகிறார்.

இதில் உங்கள் ஆட்டக்காரர்கள் எங்கே வருகிறார்கள்? எங்கே வேண்டுமானாலும் வரலாம். எடைக்காரர் ஒரு ராத்திரிக்கு அந்தக் கல்லை ஒளித்து வைக்கச் சொல்லலாம். தலைவி அதைத் திருடித் தரச் சொல்லலாம். காவலன் அவர்களைச் சாட்சியாக்கப் பார்க்கலாம். மூன்று பேருக்கும் ஒரே கல்தான் வேண்டும், ஒருவருக்கு உதவினால் மற்ற இருவருக்கும் நஷ்டம். இதற்கு நீங்கள் எழுத வேண்டியது ஆளுக்கு மூன்றே வரி: என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், யாரும் குறுக்கிடாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் என்ன செய்துவிடுவார். மூன்றாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் ஊர் மக்கள் எல்லாரும் ஆட்டக்காரர் வந்து பேசும்வரை சிலை மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள்.

எடைக்கல்லுக்கெல்லாம் ஒரு சாகசமா, டிராகன் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நகரத்தில் அரக்கனுக்கும் அதே மூன்று வரி வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மிகப் பிரபலமான நகரங்களில் ஒன்று வாட்டர்டீப்; கனடாக்காரரான எட் கிரீன்வுட் உருவாக்கிய கற்பனை உலகத்தில் இருப்பது. அந்த ஊரின் கள்ளக்கும்பலுக்குத் தலைவன் ஸானதார். மனிதனல்ல, ஒரு பிஹோல்டர் (நடுவில் ஒரு பெரிய கண், உச்சியில் பத்துக் கண்தண்டுகள், காற்றில் மிதக்கும் உருண்டை அரக்கன்). ஒரே பார்வையில் ஆளைக் கொல்லக்கூடியவன். அப்பேர்ப்பட்டவனுக்கு உயிர் எதில் தெரியுமா? சில்கர் என்ற செல்லத் தங்கமீனில். அந்த மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் என்ன செய்வான் என்று யாராலும் சொல்ல முடியாது. நேருக்கு நேர் மோதினால் செத்துப்போகும் அளவுக்கு வலுவில்லாத ஆட்டக்காரர்கள்கூட, அந்த மீன் தொட்டியைச் சுற்றி ஒரு முழு மாலையைத் திட்டம் போட்டே கழித்துவிடுவார்கள். பத்துக் கண்ணைவிட அந்த மீன்தான் கதைக்கு உபயோகம்.

இனி, ஆட்டக்காரர்களின் காலை எப்படி உள்ளே இழுப்பது? இரண்டு நல்ல உதாரணங்கள் அச்சிலேயே இருக்கின்றன, இரண்டையும் தயங்காமல் காப்பியடிக்கலாம்.

முதலாவது, ஜான் ஹார்ப்பர் எழுதிய 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. 2017-இல் புத்தகமாக வந்தது. டோஸ்க்வோல் என்ற நகரத்தில் ஆட்டக்காரர்களே ஒரு சின்னத் திருட்டுக் கும்பல். சூரியன் உடைந்துபோன உலகம் அது. வெளியே ஆவிகள் அலைகின்றன. ஊரைச் சுற்றி மின்னல் வேலி ஓடுகிறது. அதனால் பிரச்சினை வந்தால் ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை. புத்தகம் தரும் தொடக்கக் காட்சி இப்படி: பேட்டையில் இரண்டு கும்பல்களுக்குள் சண்டை மூளப் போகிறது. ஒன்று லாம்ப்பிளாக்ஸ், தெருவிளக்கு ஏற்றும் தொழிலாளர்களாக இருந்தவர்கள், புதிய விளக்குகள் வந்து பிழைப்புப் போனதும் ரவுடிகளானவர்கள். இன்னொன்று ரெட் சாஷஸ். வாள்வீச்சுப் பள்ளியாகத் தொடங்கியது. லாம்ப்பிளாக்ஸ் தலைவன் உங்கள் கும்பலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் யார் பக்கம் என்று கேட்கிறான்.

அவ்வளவுதான் தொடக்கம். "என்ன செய்யப் போறீங்க?" என்பதற்கும் "யார் பக்கம்?" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊர் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பதில் சொன்னாலும் ஒரு எதிரி உருவாகிவிடுகிறான், அடுத்த வாரத்துக்கான கதை தானாகக் கிடைத்துவிடுகிறது. பதில் சொல்லாமல் நழுவினாலும் கிடைக்கும், இரண்டு எதிரிகளோடு.

இரண்டாவது, 2018-இல் வந்த 'வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்'. முன்னாள் ஆட்சியாளர் ஒருவர் கையாடி ஒளித்துவைத்த ஐந்து லட்சம் பொற்காசைத் தேடும் கதை. பெயரில் கொள்ளை என்று இருந்தாலும் உள்ளே ஒழுங்கான கொள்ளைத் திட்டமே கிடையாது என்று பல ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்ட புத்தகம். குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதன் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். காணாமல் போன நண்பரைக் கண்டுபிடித்துத் தந்தால் பணம் தருவதாக ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் கையில் காசில்லை. பதிலாகப் பாழடைந்த ஒரு மதுக்கடையின் பத்திரத்தை நீட்டுகிறார். கடைக்குள் பழைய பரிசாரகரின் ஆவி வேறு குடியிருக்கிறது.

பாழடைந்த கடை எப்படிச் சாகசமாகும்? கூரையை மாற்றக் காசு வேண்டும். ஆளை வைக்க வேண்டும். கடை திறக்க விடுதிக்காரர் சங்கம், சாராயம் வடிப்பவர் சங்கம் என்று ஒவ்வொரு கில்டுக்கும் கட்டணம் அழ வேண்டும். பக்கத்திலேயே ஒரு போட்டிக் கடைக்காரன். அதே சந்தில் ஒரு கொல்லுப்பட்டறை, ஒரு புத்தகக்கடை, ஒரு மூலிகைக்கடை, ஒரு துப்பறிவாளர், மூன்று அநாதைக் குழந்தைகள். சில வாரம் ஆடியதும் அந்தச் சந்து அவர்களுடைய சந்தாகிவிடும். அப்போதுதான் புத்தகம் தன் வேலையைக் காட்டுகிறது: ஒருநாள் கடை வாசலிலேயே ஒரு நெருப்புக்கோளம் வெடித்து ஆட்கள் சாகிறார்கள். யாரும் அவர்களை வேலைக்கு அமர்த்தவில்லை, வெகுமதி பேசவில்லை. ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார்கள். வேறு ஊரில், வேறு தெருவில் வெடித்திருந்தால், "நமக்கெதுக்கு வம்பு" என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே உங்கள் ஆட்டத்திலும் ஏதாவது ஒன்றை முதல் இரண்டு அமர்வுக்குள் அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மதுக்கடைதான் வேண்டுமென்பதில்லை. ஒரு படகு, சந்தையில் ஒரு கடை உரிமம், மேல்மாடி வாடகை அறை, ஒரு குழந்தையின் பொறுப்பு, எது வேண்டுமானாலும் சரி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கொடுத்ததை உடனே கொளுத்திவிடாதீர்கள். வீட்டைக் கொடுத்த மறுவாரமே தீ வைத்தால், அடுத்த முறை எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். மிரட்டல் வரட்டும், நஷ்டம் வரட்டும்; மொத்தமாகப் பறிப்பதை மிக அரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாளை உருவினால் போலீஸ் வந்துவிடுமே, பிறகு எங்கே சண்டை? இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும், நியாயமானதும்கூட. குகையில் யாரையும் வெட்டலாம். ஊரில் வெட்டினால் கொலை. வாட்டர்டீப்பில் நகரக் காவல் படை ரோந்து வரும், கோட் லீகல் என்ற சட்டத் தொகுப்பும் உண்டு. ஆட்சியாளருக்கு எதிரான குற்றம், நகரத்துக்கு எதிரானது, கடவுளருக்கு எதிரானது, குடிமக்களுக்கு எதிரானது என்று நான்கு பிரிவாக, எதற்கு என்ன தண்டனை என்று அதில் இருக்கிறது. டிராகன் ஹைஸ்ட் புத்தகம் இதைப் பிரதியெடுத்து ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்துவிடச் சொல்கிறது. நல்ல யோசனை. கதாபாத்திரம் அந்த ஊர்க்காரர் என்றால் சட்டம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆடுபவருக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்து பிடித்துப்போடுவது சதி.

சட்டத்தைச் சுவராக வைக்காதீர்கள், விலையாக வையுங்கள். "செய்ய முடியாது" என்று சொல்வதற்குப் பதில், "செய்யலாம், இன்னது ஆகும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டையின் ஒரு சுற்று 6 விநாடி. காவலர் வந்து சேர ஒரு நிமிடம் என்று வைத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பத்துச் சுற்று இருக்கிறது. பத்தையும் கொடுக்க வேண்டாம். மூன்றாம் சுற்றில் தூரத்தில் ஊதல் கேட்கட்டும், ஐந்தாம் சுற்றில் தெருமுனையில் தீவட்டி தெரியட்டும். அடித்து முடிக்கும் வெறும் சண்டை, அடித்துவிட்டுத் தப்பிக்கும் சண்டையாக மாறிவிடும். கூரை மேல் ஓடுவார்கள், மீன் வண்டிக்குள் ஒளிவார்கள். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் இதையே எண்ணாக வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு குற்றத்துக்கும் ஹீட் (கும்பல்மேல் போலீஸின் கவனம்) ஏறும். ஒன்பது கட்டம் நிறைந்தால் தேடப்படுபவர் பட்டியலில் ஒரு படி மேலே போவார்கள். எந்த விளையாட்டை ஆடினாலும் ஒரு துண்டுத் தாளில் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகிறார்களே, என்ன செய்வது? பிரியத்தான் செய்வார்கள். ஒருவர் கோயிலுக்கு, ஒருவர் நூலகத்துக்கு, திருடர் தன் பழைய கூட்டாளியைப் பார்க்க. தடுக்காதீர்கள், வெட்டி வெட்டிக் காட்டுங்கள். ஒருவருடைய காட்சியை நான்கைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காமல், ஒரு கேள்வி தொக்கி நிற்கும் இடத்தில் நிறுத்தி அடுத்தவரிடம் போங்கள். "பூசாரி கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் போடுகிறார். சரி, நூலகத்தில் என்ன நடக்கிறது?" என்ற மாதிரி. சும்மா இருப்பவரிடம் அந்தப் பூசாரியின் பாத்திரத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வதும் உண்டு. உங்களைவிட நன்றாகவே பேசுவார்கள்.

துப்பறியும் கதையாகப் போனால், அவர்கள் துப்பைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டால்? நகரக் கதை நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற எழுத்தாளர் 2008-இல் எழுதிய ஒரு விதி கேம் மாஸ்டர்களிடையே பிரபலம்: ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் விடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். நம் மீன் கொட்டகையில் பொய்க்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கல்லின் அடியில் புதிதாகத் துளை போட்ட தடம் ஒன்று. எடைக்காரரின் மனைவி போட்டிருக்கும் வசதிக்கு மீறிய வளையல் ஒன்று. அதே மீனை வீட்டில் எடை போட்டுப் பார்த்த சமையல்காரியின் புலம்பல் ஒன்று. மூன்றும் மூன்று இடத்தில், மூன்று ஆளிடம் இருக்கட்டும்.

இவர்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டால்? அதற்குத்தான் அந்த மூன்றாவது வரி. பிளேட்ஸ் இன் தி டார்க்கில் இதைக் கிளாக் (பங்கு போட்ட ஒரு வட்டம்) என்பார்கள். தாளில் ஒரு வட்டம் வரைந்து நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரியுங்கள். 'கும்பல் கொட்டகையைக் கைப்பற்றுகிறது' என்று பெயர் எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கைக் கறுப்பாக்குங்கள். மேசை மேல் எல்லாரும் பார்க்கும்படியே வைக்கலாம். பாதி நிறைந்ததும் பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். முழுக்க நிறைந்துவிட்டால் சொன்னது நடந்தே தீர வேண்டும், இரக்கப்பட்டு நிறுத்தாதீர்கள்.

கடைத்தெருவில் நேரம் வீணாவதை எப்படித் தடுப்பது? விலைப்பட்டியலில் இருக்கும் சாமானை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்: "வாங்கியாச்சு, காசைக் கழிச்சுக்கோங்க." கடைக்காரரைப் பேச வைத்தால் அவரிடம் ஒரு செய்தி இருக்க வேண்டும். இன்னொரு சின்ன ஏற்பாடு, பெயர்கள். ஆட்டக்காரர்கள் நீங்கள் பெயர் யோசிக்காத ஆளைத்தான் சரியாகப் பிடித்துப் பெயர் கேட்பார்கள். இருபது பெயரை முன்பே எழுதி வைத்திருங்கள். கொடுக்கக் கொடுக்க யாருக்குக் கொடுத்தோம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேம் மாஸ்டர் இல்லை, ஆட்டக்காரர் என்றால் உங்களுக்கு இதில் வேலை இல்லையா? பாதி வேலை உங்களுடையது. பெற்றோர் இறந்துவிட்டனர், ஊரில் யாரையும் தெரியாது, யாரையும் நம்புவதில்லை என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு வந்தால், நகரக் கதையில் உங்களை மாட்டவே ஒரு கொக்கி இருக்காது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆட அலுப்பாக இருக்கும். மாறாக, நீங்கள் பணம் கொடுக்க வேண்டிய ஒருவர், உங்கள்மேல் கோபமாக இருக்கும் ஒருவர், தினமும் சாப்பிடப் போகும் ஓர் இடம் என்று மூன்றையும் எழுதிக் கேம் மாஸ்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்குக் கடன்பட்டவராகிவிடுவார். கோபக்காரர் உங்கள் அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது; எதிரியை வெட்டிவிடலாம், அக்காவிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

நகரம் வந்துவிட்டால் குகையை மறந்துவிட வேண்டியதுதானா? அப்படியில்லை. வாட்டர்டீப்பில் யானிங் போர்ட்டல் என்ற விடுதியின் நடுக்கூடத்திலேயே ஒரு பெரிய கிணறு. அதன் வழியாக ஊருக்கு அடியில் இருக்கும் பிரமாண்டமான பாதாளத்துக்கு இறங்கலாம். இறங்க ஒரு பொற்காசு, ஏற ஒரு பொற்காசு. கயிற்றில் தொங்கி வருபவர்களைப் பார்த்தபடி மற்றவர்கள் குடித்துக்கொண்டிருப்பார்கள், திரும்பி வருவார்களா என்று பந்தயம் கட்டுவார்கள். சண்டைப் பிரியர்களும் பேச்சுப் பிரியர்களும் ஒரே மேசையில் இருந்தால் இப்படி ஒரு கிணற்றை உங்கள் ஊரிலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்க எவ்வளவு செலவாகும்? செலவே இல்லாமலும் தொடங்கலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை அதன் வெளியீட்டாளரே இலவசமாகக் கொடுக்கிறார். பிளேட்ஸ் இன் தி டார்க்கின் விதிச் சுருக்கமும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. முன்னதுக்கு இருபது முகப் பகடை உட்பட ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் வேண்டும். பின்னதுக்குச் சாதாரண ஆறு முகப் பகடை நான்கைந்து போதும், எந்த வீட்டு அலமாரியிலும் கிடைத்துவிடும்.

முதல் அமர்வுக்கு ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆள், ஆளுக்கு மூன்று வரி, தொடக்கத்திலேயே யாராவது ஒருவர் வந்து பக்கம் கேட்பது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ராஜா யார், எந்தக் கடவுளுக்கு எத்தனை கோயில் என்பதெல்லாம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டுவதற்குள், "அடுத்த வாரம் எங்கே போறீங்க, யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன இடத்தையும் சொன்ன ஆளையும் மட்டும் தயார் செய்யுங்கள். வந்து உட்கார்ந்ததும் மனசு மாறிவிட்டது என்றால், அந்த ஆளே இவர்களைத் தேடிக்கொண்டு வரட்டும்.